பயிற்சி ஆட்டமும் புள்ளிக் கணக்கும்: இளம் ஐஸ் ஹாக்கி வீரரின் எதிர்காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் அணிகள், தாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் இளம் வீரர்களைச் சில நாள் முகாமுக்கு அழைக்கின்றன. முகாமின் இறுதியில் அந்த வீரர்கள் தமக்குள் இரண்டு அணிகளாகப் பிரிந்து ஆடுவது வழக்கம். அந்த ஆட்டத்தில் பத்தொன்பது வயது வீரர் ஒருவர் இரண்டு கோல் அடித்துவிட்டால், அக்டோபரில் அவர் முதன்மை அணியில் இடம் பிடித்துவிடுவார் என்ற பேச்சு அன்று மாலையே கிளம்பிவிடும். முகாமை எட்டிக்கூடப் பார்க்காத இன்னொரு தரப்பினர், ஜூனியர் லீக்கில் அவர் சென்ற ஆண்டு எடுத்த நூறு புள்ளிகளை, அதாவது அவர் அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த கணக்கை, சுட்டிக்காட்டி அதே முடிவுக்கு வேறு வழியாக வந்து சேர்வார்கள். கண்ணால் பார்த்தது பெரிதா, எண்ணிக்கை பெரிதா என்ற வாதம் பிறகு ஓயாமல் நடக்கும். வாதத்தில் கலந்துகொள்வோர் பலரும் கவனிக்கத் தவறுவது, இந்த இரண்டு சான்றுகளும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதைத்தான்.

ஒரு மாணவரைப் பற்றி நம்மிடம் இரண்டு தகவல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, ஒரு பிற்பகலில் அவர் கரும்பலகை முன் நின்று ஒரு கணக்கைப் போட்டதை நாமே பார்த்தது. மற்றது, அவர் ஆண்டு முழுவதும் பெற்ற மதிப்பெண்கள். கரும்பலகை முன் நின்றபோது அவர் எப்படிச் சிந்திக்கிறார், எங்கே தயங்குகிறார், தவறிய படியைத் தானே கண்டுபிடிக்கிறாரா என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஒரே ஒரு கணக்கை வைத்து அவரது தரத்தை அளக்க முடியாது. மதிப்பெண்கள் தரத்தை அளக்கும். ஆனால் வினாத்தாள் எவ்வளவு கடினம், அந்த வகுப்பில் அவர் மற்றவர்களைவிட மூத்தவரா இளையவரா, குழுவாகச் செய்த வேலையில் அவருடைய பங்கு எவ்வளவு என்பவை தெரியாதவரை 92 என்ற எண் தனியே எதையும் சொல்லாது. இளம் ஹாக்கி வீரர்களை மதிப்பிடுவதில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒப்பீட்டுக்குள் அடங்கிவிடும்.

முதலில், கேள்வி என்ன?

இளம் வீரர்கள் என்.எச்.எல்.-க்குள் நுழையும் முக்கிய வாயில் டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வு. 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 224 பேர் தேர்வாகிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைவடைபவரே தேர்வுக்குத் தகுதி பெறுவார். தேர்வான வீரர் அன்றே அணியில் ஆடத் தொடங்குவதில்லை. ஒரு சிலரைத் தவிர மற்ற எல்லோரும் தாம் முன்பு ஆடிய இடத்துக்கே, அதாவது 16 முதல் 20 வயதினர் ஆடும் கனடிய ஜூனியர் லீக்குகளுக்கோ, அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கோ, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா போன்ற நாடுகளின் லீக்குகளுக்கோ திரும்பிச் சென்று வளர்கிறார்கள். அதற்குப் பின்னும் பலர் என்.எச்.எல்.-க்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எச்.எல்.-இல் சில ஆண்டுகள் ஆட வேண்டியிருக்கும்.

ஆகவே கணிப்பவர் முன்னுள்ள கேள்வி, இன்று இவர் நன்றாக ஆடுகிறாரா என்பதன்று. நான்கைந்து ஆண்டுகள் கழித்து, உலகின் மிகக் கடினமான லீக்கில், உடல் முதிர்ந்த ஆட்டக்காரர்களுக்கு எதிராக இவர் பயன்படுவாரா என்பதே. இதை மறந்துவிட்டுத் தொடங்கும் வாதம் எங்கும் போய்ச் சேராது.

பயிற்சி ஆட்டம் எதைக் காட்டும்?

முகாமில் வீரர்கள் தமக்குள் ஆடும் ஆட்டத்தை ஸ்கிரிமேஜ் என்பார்கள். இக்கட்டுரையில் அதைப் பயிற்சி ஆட்டம் என்றே குறிப்பிடுகிறேன். உண்மையான போட்டியிலிருந்து அது பல வகைகளில் வேறுபட்டது. அது நடக்கும் காலம் கோடை. பருவம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும், சிலர் பனித்தளத்தில் கால்வைத்தே பல வாரங்கள் ஆகியிருக்கும், சிலர் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருப்பார்கள். கூட ஆடுபவர்கள் முந்தைய நாள்வரை முன்பின் அறியாதவர்கள் என்பதால் அணியாகச் சேர்ந்து தாக்குவதற்கோ தடுப்பதற்கோ எந்தத் திட்டமும் இருக்காது. ஐஸ் ஹாக்கியில் பந்தின் இடத்தில் இருப்பது தட்டையான வட்டு; உடலால் மோதி அந்த வட்டைப் பறிக்கும் முறை, ஹாக்கியின் இயல்பான பகுதியாக இருந்தும், இங்கே பெரும்பாலும் தணிந்தே இருக்கும். அணி முதலீடு செய்திருக்கும் ஒரு வீரரை ஜூலை மாதத்தில் காயப்படுத்த யாருக்கும் விருப்பம் இருக்காது. பல முகாம்களில் ஆட்டம் பக்கத்துக்கு மூன்று பேர் என்ற வடிவில் நடக்கும். ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆடும் தளத்தில் மூவர் மட்டும் ஆடினால் இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். இருபுறமும் கோல்கள் குவியும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது எதிராளி யார் என்பது. முகாமுக்கு வருபவர்களில் அண்மையில் தேர்வான பதினெட்டு வயதினரும் இருப்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் தேர்வாகிக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும் இருபத்தோரு வயதினரும் இருப்பார்கள். எந்த அணியாலும் தேர்வு செய்யப்படாமல் அழைப்பின்பேரில் தம்மைக் காட்டிக்கொள்ள வந்தவர்களும் இருப்பார்கள். இருபத்தோரு வயதுக்காரர் பதினெட்டு வயதுத் தடுப்பாட்டக்காரரைத் தோளால் ஒதுக்கிவிட்டுக் கோல் அடிப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் அப்படிச் செய்யாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படியானால் இந்த ஆட்டங்களைப் பார்ப்பதே வீணா என்றால், இல்லை. ஸ்கவுட்கள், அதாவது தளம் தளமாகச் சென்று இளம் வீரர்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் அணி ஊழியர்கள், இங்கே கோல் கணக்கைப் பார்ப்பதில்லை. எதிராளி யாராக இருந்தாலும் பெரிதாக மாறாத கூறுகளைத் தேடுகிறார்கள். முதல் மூன்று அடிகளில் வீரர் எவ்வளவு விரைவு பெறுகிறார். திரும்பும்போது வேகம் குறைகிறதா. வட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துவைத்துக்கொள்கிறாரா. நெருக்கடியில் வட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே தள்ளுகிறாரா, அல்லது கடைசி நொடிவரை பொறுத்திருந்து வழி காண்கிறாரா. வட்டு தன்னிடம் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பவை அவை. இவற்றுள் சுற்றிப் பார்க்கும் பழக்கத்தையே நான் முதலிடத்தில் வைப்பேன். ஆட்டத்தின் வேகம் கூடக்கூட முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. வட்டு வந்த பிறகு யோசிக்கத் தொடங்குபவர் ஜூனியர் லீக்கில் தப்பிவிடலாம், என்.எச்.எல்.-இல் தப்ப முடியாது.

சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதற்கும் முகாம் உதவுகிறது. பன்னிரண்டு மாதங்களுக்கு முன் இதே தளத்தில் பின்னோக்கிச் சறுக்கத் தடுமாறிய தடுப்பாட்டக்காரர் இன்று தடுமாறவில்லை என்றால் அது உண்மையான செய்தி. செய்தித்தாளுக்கு அது தலைப்பாகாது என்பது வேறு.

இரண்டு கோல்களின் எடை

பயிற்சி ஆட்டத்தில் அடித்த கோல்களை ஏன் இவ்வளவு அலட்சியப்படுத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு போதும். கோலை நோக்கிச் சென்று, கோல்காப்பாளர் தடுக்காவிட்டால் உள்ளே போயிருக்கும் அடியை இலக்கு அடி என்போம். என்.எச்.எல்.-இல் இலக்கு அடிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கோலாகிறது. இந்த விகிதத்துக்கு அடி விழுக்காடு என்று பெயர்.

இப்போது முகாமில் 40 வீரர்கள் இருப்பதாகவும், 40 பேரும் எல்லா வகையிலும் முற்றிலும் சமமான திறன் உடையவர்கள் என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஆட்டத்தில் மூன்று இலக்கு அடிகள் அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடியும் கோலாகும் வாய்ப்பு பத்து விழுக்காடு. ஒருவர் ஒரு கோலும் அடிக்காமல் போகும் வாய்ப்பு சுமார் 73 விழுக்காடு. ஒரே ஒரு கோல் அடிக்கும் வாய்ப்பு சுமார் 24 விழுக்காடு. இரண்டோ அதற்கு மேலோ அடிக்கும் வாய்ப்பு மூன்று விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று விழுக்காடு மிகச் சிறிதாகத் தோன்றும். ஆனால் அதை 40 பேருக்கும் பொருத்திப் பார்த்தால், சராசரியாக ஒவ்வொரு முகாமிலும் ஒருவர் இரண்டு கோல் அடித்துவிடுவார். திறனில் எள்ளளவும் வேறுபாடில்லாத கூட்டத்திலிருந்தே ஒரு நாயகன் பெரும்பாலும் கிளம்பி வருவார் என்பதே இதன் பொருள். அவரைப் பற்றி எழுதப்படும் பாராட்டு முழுவதும் தற்செயலைப் பற்றிய பாராட்டாக இருக்கவும் கூடும்.

ஆட்டங்கள் கூடினால் நிலைமை சீராகும், ஆனால் நாம் எண்ணும் வேகத்தில் அன்று. அதே வீரர் ஐந்து ஆட்டங்களில் 15 இலக்கு அடிகள் அடித்தால், ஒரு கோலும் அடிக்காமல் திரும்பும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கோல்கள் அடிக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆண்டிறுதியில் நடக்கும் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் ஒரு நாட்டு அணி அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள்தான் ஆடுகிறது. அங்கே ஒருவர் கதாநாயகனாவதற்கும் காணாமற் போவதற்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவே. முழுப் பருவமும் ஆடி 200 இலக்கு அடிகள் அடித்த பிறகுகூட, 20 கோல் எதிர்பார்க்கப்படும் வீரர் வெறும் தற்செயலால் 16-இலும் முடிக்கலாம், 24-இலும் முடிக்கலாம்.

கவனமாகக் கணிப்பவர்கள் கோல்களைவிட இலக்கு அடிகளின் எண்ணிக்கைக்கும், அவை எந்த இடத்திலிருந்து அடிக்கப்பட்டன என்பதற்கும் கூடுதல் மதிப்புத் தருவதன் காரணம் இதுதான். அடிக்கும் வாய்ப்பைத் தானே உருவாக்கிக்கொள்வது வீரரின் கையில் பெரிதும் இருக்கிறது; அது கோலாவது அதைவிடக் குறைவாகவே அவர் கையில் இருக்கிறது.

சுருங்கச் சொன்னால், பயிற்சி ஆட்டம் ஒரு வீரர் எப்படி ஆடுகிறார் என்பதைக் காட்டும். எவ்வளவு ஆடுவார் என்பதற்கு அதில் விடை இல்லை. அந்த விடையைத் தேடித்தான் பருவம் முழுவதற்குமான கணக்குக்குப் போக வேண்டியிருக்கிறது.

எந்த லீக்கின் புள்ளி?

ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு வழிசெய்யும் வகையில் அதற்கு முன் வட்டைக் கொடுத்த சக வீரர்களில் அதிகபட்சம் இருவருக்கு ஆளுக்கு ஓர் அசிஸ்ட். அதுவும் ஒரு புள்ளியே. எத்தனை ஆட்டங்களில் எடுத்தது என்பது முக்கியம் என்பதால், மொத்தப் புள்ளியைவிட ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற விகிதமே பயன்தரும்.

இங்கே வினாத்தாளின் கடினம் குறுக்கே வருகிறது. பதினேழு வயதினர் பதினேழு வயதினரை எதிர்த்து எடுக்கும் புள்ளியும், ஸ்வீடன் முதன்மை லீக்கில் முப்பது வயது ஆட்டக்காரர்களுக்கு எதிராக எடுக்கும் புள்ளியும் ஒன்றல்ல. இவற்றை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் முயற்சியைத் தொடர்ந்து செய்து, 2000-களில் அதைப் பரவலாக்கியவர் கேப்ரியல் டெஜார்டான் என்ற பகுப்பாய்வாளர். ஒரு லீக்கில் ஒரு பருவம் ஆடிவிட்டு அடுத்த பருவத்தில் என்.எச்.எல்.-இல் ஆடியவர்களைத் திரட்டி, முதல் இடத்தில் அவர்கள் எடுத்த ஒரு புள்ளி இரண்டாம் இடத்தில் சராசரியாக எவ்வளவாகச் சுருங்கியது என்று பார்ப்பதே அந்த முறை. கிடைக்கும் எண்ணை லீக் பெருக்கல் எண் எனலாம். கனடிய ஜூனியர் லீக்குகளுக்கு அது ஏறத்தாழ 0.3, ஏ.எச்.எல்.-க்கு அரைக்குச் சற்றுக் குறைவு. ரஷ்யாவின் முதன்மை லீக்குக்கு அதைவிட வெகு அதிகம்.

ஜூனியர் லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு 1.5 புள்ளி எடுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 0.3-ஆல் பெருக்கினால் 0.45, 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்துக்கு அது சுமார் 37 புள்ளி. ஜூனியரில் நூறு புள்ளி என்ற சொல்லின் கவர்ச்சி இந்த ஒரு பெருக்கலில் கரைந்துவிடுகிறது.

இந்த எண்களைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. அவை கணக்கிடப்பட்டது, மேலே போனவர்களை மட்டும் வைத்து. மேலே போகாமல் நின்றுவிட்ட ஆயிரக்கணக்கானோர் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. எனவே 37 என்பது அந்த வீரர் நாளை எடுக்கப்போகும் புள்ளியைச் சொல்லும் எண் அன்று. வெவ்வேறு லீக்குகளில் ஆடும் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும் பொது நாணயம் மட்டுமே.

வயது: எல்லோரும் மறக்கும் எண்

பொதுப் பேச்சில் மிகக் குறைவாகவும், கணிப்பில் மிக அதிகமாகவும் எடை பெறுவது வயதுதான். செப்டம்பர் 15 என்ற வரம்பு இருப்பதால், ஒரே டிராஃப்டில் நிற்கும் முதன்முறைத் தகுதியாளர்களில் மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே ஏறத்தாழ முழு ஓராண்டு வித்தியாசம் இருக்கலாம். அரிசோனாவில் வளர்ந்த ஆஸ்டன் மாத்தியூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. வரம்பை இரண்டே நாளில் தவறவிட்டதால், அவர் 2015 டிராஃப்டில் இடம்பெற முடியாமல், ஓராண்டு சுவிட்சர்லாந்தின் முதன்மை லீக்கில் பெரியவர்களோடு ஆடிவிட்டு, 2016-இல் முதல் ஆளாகத் தேர்வானார். இரண்டு நாள் முன்னதாகப் பிறந்திருந்தால், 2015-இன் முதல் தேர்வான, 1997 ஜனவரியில் பிறந்த கானர் மெக்டேவிடோடு அதே மேடையில், அந்த ஆண்டின் மிக இளையவராக நின்றிருப்பார்.

பதினேழு, பதினெட்டு வயதில் ஓராண்டு என்பது எலும்பிலும் தசையிலும் அனுபவத்திலும் பெரிய இடைவெளி. ஆகவே ஒரே லீக்கில் ஒரே விகிதத்தில் புள்ளி எடுக்கும் இருவரில், இளையவரே பெரும்பாலும் நல்ல பந்தயம். பதினேழு வயதில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுப்பவரையும், அதே லீக்கில் கடைசி ஆண்டு ஆடும் இருபது வயதில் 1.5 எடுப்பவரையும் ஒப்பிட நேர்ந்தால், நான் தயங்காமல் முன்னவரையே தேர்ந்தெடுப்பேன்.

வயது வேறொரு வழியிலும் கண்ணை மறைக்கிறது. கனடாவில் சிறுவர் ஹாக்கியின் வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐ எல்லையாகக் கொண்டவை. ஜனவரியில் பிறந்த சிறுவன் டிசம்பரில் பிறந்தவனைவிட உயரமாகவும் வலுவாகவும் இருப்பதால் நல்ல அணிக்கும் நல்ல பயிற்சியாளருக்கும் முதலில் போய்ச் சேர்கிறான். உயர்மட்ட ஜூனியர் வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி குழுவினர் 1980-களிலேயே எடுத்துக்காட்டினர். 2013-இல் வெளியான ராபர்ட் டீனர் குழுவின் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது: ஆண்டின் பிற்பாதியில் பிறந்த கனடிய வீரர்கள், பின்னாளில் அவர்கள் ஆடிய ஆட்டத்தோடு ஒப்பிட்டால், டிராஃப்டில் தகுதிக்கு மிகவும் பின்னால்தான் தேர்வாகியிருக்கிறார்கள் என்று அது காட்டியது. அனுபவம் மிக்க ஸ்கவுட்களின் கண்ணும், முதிர்ச்சியைத் திறன் என்று எடுத்துக்கொள்ளும் பிழையிலிருந்து தப்பவில்லை.

ஈரி அணியின் மூவர்

அடுத்த கேள்வி, யாருடைய பக்கத்தில் நின்று எடுத்த புள்ளி என்பது. இதற்கு 2014–15 பருவத்தின் ஈரி ஆட்டர்ஸ் அணியைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது கடினம். கனடிய ஜூனியர் லீக்குகளில் ஒன்றான ஒன்டாரியோ ஹாக்கி லீக்கில் ஆடிய அந்த அணியில் அந்த ஆண்டு மூன்று பேர் நூறு புள்ளியைத் தாண்டினார்கள். டிலன் ஸ்ட்ரோம் 68 ஆட்டங்களில் 129 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். மெக்டேவிட், காயத்தால் பல வாரங்கள் வெளியே இருந்தும், 47 ஆட்டங்களில் 120 புள்ளி எடுத்தார். அலெக்ஸ் டிப்ரின்கட் என்ற குள்ளமான முன்கள வீரர் 68 ஆட்டங்களில் 51 கோல்களோடு 104 புள்ளி எடுத்தார்.

மொத்தத்தைப் பார்த்தால் ஸ்ட்ரோம் முதல்வர். விகிதத்தைப் பார்த்தால் மெக்டேவிட் ஆட்டத்துக்கு 2.55, ஸ்ட்ரோம் 1.90, டிப்ரின்கட் 1.53. அந்த ஆண்டு டிராஃப்டில் மெக்டேவிட் முதலாவதாகவும் ஸ்ட்ரோம் மூன்றாவதாகவும் தேர்வானார்கள். டிப்ரின்கட் 1997 டிசம்பரில் பிறந்தவர் என்பதால் அவர் முறை அடுத்த ஆண்டு வந்தது.

இப்போது ஐயம் இதுதான்: தலைமுறைக்கு ஒருவராகக் கருதப்பட்ட மெக்டேவிட் இருக்கும் அணியில் மற்ற இருவரின் புள்ளிகளில் எவ்வளவு அவர்களுடையது? மெக்டேவிட் என்.எச்.எல்.-க்குச் சென்றுவிட்ட 2015–16 பருவமே அதற்கு விடை சொன்னது. ஸ்ட்ரோம் 56 ஆட்டங்களில் 111 புள்ளி எடுத்தார். டிப்ரின்கட் மறுபடியும் 51 கோல் அடித்து 60 ஆட்டங்களில் 101 புள்ளி எடுத்தார். இருவரின் விகிதமும் குறையவில்லை, சற்று உயர்ந்தது. ஆனாலும் ஐந்தடி ஏழு அங்குல உயரத்தில் ஒருவர் தாக்குப்பிடிப்பாரா என்ற அச்சத்தால், 2016 டிராஃப்டில் 38 பேர் போன பிறகே, 39-ஆவது ஆளாக டிப்ரின்கட்டைச் சிகாகோ எடுத்தது. இரண்டாவது என்.எச்.எல். பருவத்தில் அவர் 41 கோல் அடித்தார். கண் சொன்னதைவிட எண் சொன்னது சரியாக இருந்த இடம் இது.

ஸ்ட்ரோமின் கதை எதிர்ப்பக்கம் சாய்கிறது. அவர் மெதுவாகச் சறுக்குகிறார் என்ற குறை தொடக்கத்திலிருந்தே சொல்லப்பட்டு வந்தது; எடுத்த அரிசோனா அணியில் அவர் நிலைபெறவில்லை, 2018-இல் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். ஸ்கவுட்களின் குறிப்பு சரிதான் என்று அப்போது தோன்றியது. பிறகு அவர் நிதானமாகத் தன் இடத்தைப் பிடித்து, 2024–25 பருவத்தில் வாஷிங்டன் அணிக்காக 82 புள்ளி எடுத்தார். எண் தவறவில்லை, கண்ணும் முற்றிலும் தவறவில்லை. வேகம் குறைந்தவர் அந்தக் குறையைச் சமாளித்து ஆடக் கற்றுக்கொள்ளக் காலம் எடுத்தது என்பதே சரியான வாசிப்பு.

பக்கத்தில் ஆடுபவரைப் போலவே பவர் பிளேயும் புள்ளியை வீங்கச் செய்யும். எதிரணி வீரர் ஒருவர் தண்டனையாக வெளியே அமர்த்தப்பட்டு, பெரும்பாலும் இரண்டு நிமிடங்கள், ஐவர் நால்வரை எதிர்த்து ஆடும் நேரம் அது. ஜூனியர் அணியில் அந்த நேரம் முழுவதும் களத்தில் நிற்கும் நட்சத்திரம், மேலே போனால் அந்த வாய்ப்பைப் பெறாமல் போகலாம். இதனால் சம ஆள் எண்ணிக்கையில் எடுத்த புள்ளியைத் தனியே பிரித்துப் பார்ப்பது வழக்கம். அசிஸ்ட்டிலும், கோலுக்கு உடனே முந்திய பாஸைக் கொடுத்தவருக்குரிய முதல் அசிஸ்ட்டை மட்டும் எண்ணுவோர் உண்டு. இரண்டாவது அசிஸ்ட்டில் தற்செயலின் பங்கு அதிகம்.

ஆக, ஒரு புள்ளி எண்ணை வாசிக்க மூன்று தகவல்கள் கூடவே வேண்டும்: எந்த லீக், என்ன வயது, யாருடன், எந்தச் சூழலில். மூன்றாவது, உண்மையில், இரண்டு கேள்விகள்தான்.

புள்ளி பேசாத இடங்கள்

தடுப்பாட்டக்காரரைப் புள்ளியால் அளப்பது பாதி வேலையே. 2012 டிராஃப்டில் 120-ஆவது ஆளாகத் தேர்வான ஜேக்கப் ஸ்லாவின், லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக உயர்ந்தது, எதிராளியைக் கோலுக்கு வெகுதூரத்திலேயே மடக்கும் கலையால். அந்தக் கலைக்கு ஜூனியர் லீக்குகளின் பொதுக் கணக்கேட்டில் கட்டமே இல்லை.

கோல்காப்பாளர்கள் இன்னும் கடினம். அவர்கள் தாமதமாகவே முதிர்கிறார்கள். அணியின் தடுப்பு நன்றாக இருந்தால் அவர்களுடைய கணக்கும் நன்றாகத் தெரியும். அதே 2012 டிராஃப்டில் 130-ஆவதாகத் தேர்வான கானர் ஹெல்லபக், 2024–25 பருவத்தில் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையைப் பெற்றார். பதினெட்டு வயதுக் கோல்காப்பாளரைப் பற்றி உறுதியாகப் பேசுபவரை நான் சற்றுத் தள்ளிவைத்தே கேட்பேன்.

இரண்டையும் சேர்க்கும் விதம்

கணிப்பின் முடிவு "வருவார்" அல்லது "வரமாட்டார்" என்று இருப்பதில்லை. அது ஒரு வாய்ப்பின் அளவாக இருக்கும். அதைப் பெற உதவும் வழிகளில் ஒன்று ஒப்புமைக் குழு. அதே லீக்கில், அதே வயதில், ஏறத்தாழ அதே உயரத்தோடும் அதே புள்ளி விகிதத்தோடும் கடந்த காலத்தில் ஆடியவர்களையெல்லாம் திரட்டி, அவர்களில் எத்தனை பங்கினர் என்.எச்.எல்.-இல் நிலைத்து ஆடினார்கள் என்று பார்ப்பார்கள். நூற்றில் முப்பது பேர் என்று வந்தால், அதுவே தொடக்கப் புள்ளி. பயிற்சி ஆட்டத்திலும் பருவ ஆட்டங்களிலும் கண்ணால் கண்டவை அந்த முப்பதை நாற்பதாக உயர்த்தவோ இருபதாகத் தாழ்த்தவோ பயன்படும். இந்த வரிசை முக்கியமானது. முதலில் கண்ணால் முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற எண்ணைத் தேடிக் கொண்டுவருவதுதான் நடைமுறையில் மிகுதியாக நடக்கிறது.

கண்ட குறை திருத்தக்கூடியதா என்பதும் இந்த இடத்தில்தான் நுழைகிறது. பிரேடன் பாயின்ட் 2013–14 பருவத்தில் மூஸ் ஜா என்ற கனடிய ஜூனியர் அணிக்காக 72 ஆட்டங்களில் 91 புள்ளி எடுத்தார். உயரம் குறைவு, சறுக்கும் விதமும் சரியில்லை என்பதால் 78 பேருக்குப் பிறகே டாம்பா பே அணியால் எடுக்கப்பட்டார். அந்த அணி, உலகப் பட்டம் வென்ற முன்னாள் பனிச்சறுக்கு இணையரில் ஒருவரான பார்பரா அண்டர்ஹில்லைச் சறுக்குப் பயிற்சியாளராக வைத்திருந்தது. கால் அசைவைத் திருத்திவிடலாம், ஆட்டத்தைப் படிக்கும் அறிவைப் புகட்டுவது அரிது என்பது அவர்கள் போட்ட கணக்கு. 2022–23 பருவத்தில் பாயின்ட் 51 கோல் அடித்தார்.

எல்லாம் சரியாக இருந்தும் தவறுவதும் உண்டு. நைல் யாகுபோவ் ஜூனியர் லீக்கில் தன் முதல் பருவத்திலேயே 65 ஆட்டங்களில் 101 புள்ளி எடுத்தவர். 2012 டிராஃப்டின் முதல் தேர்வு. வேகமும் அடியின் வலிமையும் யார் கண்ணுக்கும் தெரிந்தவை. 350 என்.எச்.எல். ஆட்டங்களில் அவர் எடுத்தது 136 புள்ளி. எண்பது விழுக்காடு வாய்ப்பு என்று சொன்ன கணிப்பு, ஐந்தில் ஒருவர் தவறும்போது பொய்த்துவிட்டதாக ஆகாது. ஐந்தில் ஒருவர் தவறுவார் என்பதும் அந்தக் கணிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

அளவுகோலே நகரும் காலம்

லீக் பெருக்கல் எண்கள் பழைய பருவங்களின் தரவிலிருந்து பிறந்தவை. யார் எந்த லீக்கில் ஆடுகிறார்கள் என்பது மாறாதவரை அவை செல்லும். இப்போது அது மாறிக்கொண்டிருக்கிறது. கனடிய ஜூனியர் லீக்கில் ஆடியவர்கள் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் முதல் பிரிவில் ஆட முடியாது என்று நெடுங்காலம் இருந்த தடை 2025 ஆகஸ்டிலிருந்து நீங்கியது. 2024–25 பருவத்தில் மெடிசின் ஹாட் அணிக்காக 56 ஆட்டங்களில் 129 புள்ளி எடுத்த கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்; அவரைப் போல் பலரும் சென்றார்கள். ஜூனியர் லீக்குகளிலிருந்து மூத்த, சிறந்த வீரர்கள் வெளியேறினால் அங்கே எடுக்கும் புள்ளி மலிவாகும். அவர்கள் சேரும் கல்லூரி லீக்கில் எடுக்கும் புள்ளியின் விலை ஏறும். புதிய பெருக்கல் எண்களைக் கணக்கிட, இந்த மாற்றத்துக்குப் பின் ஆடியவர்கள் போதிய எண்ணிக்கையில் என்.எச்.எல்.-ஐ எட்ட வேண்டும். அதற்குச் சில பருவங்கள் பிடிக்கும். அதுவரை பழைய எண்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் அணிகளைவிட, தளத்தின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரே நிற்பவர் யார் என்று குறித்துவைக்கும் அணிகளின் கணிப்பே மேலாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.